நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று

(நெரவியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எஸ்.எஸ்.சி. போட்டித் தேர்வின் ஆங்கிலப் பகுதியில் மரபுத்தொடர் கேள்விகள் தவறாமல் வரும். அதற்காகக் கைடு வாங்குகிறோம். இடது பக்கம் தொடர், வலது பக்கம் பொருள். அந்தப் பட்டியலில் ஒரு பெரிய கூட்டமே எதிர்பாராத முடிவுகளைப் பற்றியது. ‘போல்ட் ஃப்ரம் த ப்ளூ’, ‘பிளெஸ்ஸிங் இன் டிஸ்கைஸ்’, ‘விண்ட்ஃபால்’, ‘கேன் ஆஃப் வார்ம்ஸ்’ என்று போய்க்கொண்டே இருக்கும். பொருள் என்று பார்த்தால் எதிர்பாராத துன்பம், எதிர்பாராத நன்மை, எதிர்பாராத சிக்கல் என்று ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிப் போட்டிருப்பார்கள். பரீட்சையில் சரியான விடையைக் குறிக்க அது போதும். ஆனால் தேர்வு முடிந்த மறுநாளே எல்லாம் மறந்துபோகிறது.

நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று என்று நாம் எத்தனையோ முறை சொல்லுகிறோம். ஆனால் அப்படி நடந்ததெல்லாம் ஒரே வகை இல்லை. காரியத்தைத் தொடங்கியவர் யார்? எங்கே பிசகியது? பழி அவருக்கா, இன்னொருவருக்கா, யாருக்குமே இல்லையா? இதைக் கேட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரியும். நம் பழமொழிகள் இந்தக் கணக்கை மிகத் துல்லியமாக வைத்திருக்கின்றன. அவற்றையும், இந்தக் காரைக்கால் மண்ணில் வழங்கும் கதைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் ஆங்கிலத் தொடர் தானாக நெஞ்சில் தங்கும். நம்முடையதும் கைவிட்டுப் போகாது. நான் இன்று சொல்ல வந்தது இதுதான்.

‘பிளெஸ்ஸிங் இன் டிஸ்கைஸ்’ என்பதை எடுத்துக்கொள்வோம். மாறுவேடத்தில் வந்த வரம் என்று பொருள். பல கைடுகளில் இதற்குப் பக்கத்தில் ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்று போடுகிறார்கள். அது பொருந்தாது. தலைப்பாகை போனது நஷ்டம்தான். தலை போகவில்லையே என்ற ஆறுதல் மட்டும் உண்டு. ஆங்கிலத் தொடர் சொல்வது வேறு. கெடுதல் என்று நினைத்த அதே காரியம் உள்ளுக்குள் நன்மையாக இருந்தது என்கிறது. இதற்குச் சரியான கதை வேண்டுமென்றால் நாம் வெகுதூரம் போக வேண்டாம். காரைக்காலைத் தாண்டினால் திருநள்ளாறு.

நளன் கதை எல்லாருக்கும் தெரியும். சூதில் நாட்டை இழந்தான், காட்டில் தமயந்தியைப் பிரிந்தான், பிறகு திருநள்ளாற்றுத் தீர்த்தத்தில் நீராடித் துயர் நீங்கினான் என்று நம் ஊர் வழக்கு. நூல்களில் அவனைப் பிடித்தது கலி. நம் பக்கத்து வழக்கில் சனி. சனிப்பெயர்ச்சிக்கு வருகிற கூட்டம் முழுக்க இந்தக் கதையை நம்பித்தான் வருகிறது. ஆனால் கதையின் நடுவில் வருகிற பாம்பைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

காட்டுத்தீயில் கார்க்கோடகன் என்ற பாம்பு சிக்கிக்கொள்கிறது. நளன் ஓடிப்போய்த் தூக்குகிறான். தன்னிடமே ஒன்றும் இல்லாத நிலையிலும் இன்னொரு உயிரைக் காப்பாற்றுகிறான். அடியை எண்ணிக்கொண்டே நட என்கிறது பாம்பு. அவனும் எண்ணுகிறான். பத்தாவது அடியில், ‘தச’ என்று அவன் சொன்னதும், பாம்பு கடித்துவிடுகிறது. வடமொழியில் அந்தச் சொல்லுக்குப் பத்து என்றும் பொருள், கடி என்றும் பொருள். மன்மதனைப் போல் இருந்தவன் உடம்பு கறுத்து, உருக்குலைந்து, அடையாளமே தெரியாதவன் ஆகிறான். உபகாரத்துக்கு இதுவா பலன் என்று அவன் நினைத்திருந்தால் அதில் தப்பே இல்லை.

ஆனால் அந்த விகார உருவம்தான் அவனைக் காப்பாற்றியது. வாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னனிடம் தேரோட்டியாகவும் சமையல்காரனாகவும் அவன் ஒளிந்து வாழ முடிந்தது. மகாபாரதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அந்த நஞ்சு நளனை வருத்தவில்லையாம். அவனுக்குள் புகுந்திருந்த கலியைத்தான் எரித்ததாம். நாள் வந்ததும் கார்க்கோடகன் கொடுத்த ஆடையை உடுத்தித் தன் உருவத்தைத் திரும்பப் பெற்றான். வரம் மாறுவேடத்தில் வந்ததோடு நிற்காமல், வரமே மாறுவேடமாக வந்தது. ஆங்கிலத் தொடரை ஒரு சொல் விடாமல் விளக்கும் கதை இது. திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இந்தத் தொடரைக் கைடில் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

அடுத்தது ‘விண்ட்ஃபால்’. காற்றில் உதிர்ந்த பழம் என்று நேர்ப்பொருள். தேடாமல் வந்த ஆதாயத்துக்கு ஆங்கிலத்தில் இதைச் சொல்கிறார்கள். ஏறிப் பறிக்காமல், கழி வைத்துத் தட்டாமல், காலையில் மரத்தடியில் கிடந்த பழம். நமக்குப் ‘பழம் நழுவிப் பாலில் விழுந்தது’ உண்டு. இரண்டையும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். நம் பழமொழியில் கையில் ஏற்கெனவே பழம் இருக்கிறது, பாலும் தயாராக இருக்கிறது. நழுவியது பிசகுதான், அந்தப் பிசகே ருசியைக் கூட்டிவிட்டது. ஆங்கிலத் தொடரில் கை சும்மா இருக்கிறது, காற்றுதான் வேலை செய்கிறது.

பழம் என்றால் காரைக்கால்காரர்களுக்கு மாம்பழம்தான். ஆனிப் பௌர்ணமி மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்து மாம்பழங்களை இறைப்பதும், கீழே நிற்பவர்கள் கையையும் முந்தானையையும் ஏந்திப் பிடிப்பதும் நீங்கள் பார்த்து வளர்ந்த காட்சி. கூட்டத்தில் ஒருவர் குறி வைத்த பழம் இன்னொருவர் மடியில் விழும். அதற்காக யாரும் சண்டை போடுவதில்லை.

அந்த விழாவின் கதையைச் சற்று நிதானமாக நினைத்துப் பாருங்கள். பரமதத்தன் கடையிலிருந்து இரண்டு மாம்பழம் வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியாருக்கு அவன் மனைவி புனிதவதி ஒன்றைக் கொடுத்துவிடுகிறாள். மதியம் சாப்பிட வந்தவன் மிச்சமிருந்ததைச் சாப்பிட்டு, ருசியாக இருக்கிறதே, இன்னொன்றையும் வை என்கிறான். அவள் இறைவனை நினைக்கிறாள். கையில் ஒரு பழம் வருகிறது. அது முதல் பழத்தைவிடச் சுவையாக இருந்ததுதான் வினை. எங்கிருந்து வந்தது என்று கேட்கிறான். உண்மையைச் சொல்கிறாள். நம்பாமல், இன்னொன்று வரவழைத்துக் காட்டு என்கிறான். வந்த பழம் அவன் கைக்குப் போனதும் மறைகிறது. அவனுக்குப் பயம் வந்துவிட்டது. கப்பல் ஏறிப் போனவன் திரும்பி இந்த வீட்டுக்கு வரவே இல்லை. பாண்டிய நாட்டில் வேறு திருமணம் செய்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான்.

பழம் கிடைத்தது, குடும்பம் கலைந்தது. கேட்டது கிடைத்தபிறகு எல்லாம் தலைகீழாகும் முடிவு இது. இதை நன்மை என்பதா, துன்பம் என்பதா? சேக்கிழார் கதையாகச் சொல்லும்போது பக்தியின் பெருமையாக முடிகிறது. நான் இதைப் படிக்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்த அந்தப் பெண்ணைத்தான் நினைக்கிறேன். அவள் எழுதிய அற்புதத் திருவந்தாதி நம்மிடம் இருக்கிறது என்பது மறுக்க முடியாத லாபம். அந்த லாபம் நமக்கு. விலை கொடுத்தது அவள்.

காற்று தள்ளியதெல்லாம் ஆதாயம் என்று நினைக்க இந்த டெல்டாவில் யாராலும் முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அன்று பழம் மட்டும் உதிரவில்லை, தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்தன. ‘விண்ட்ஃபால்’ என்ற சொல் எந்த மண்ணில் பிறந்ததோ அந்த மண்ணின் காற்று அவ்வளவு சாதுவானது. ஒரு மொழியின் தொடரில் அதன் பருவநிலையும் இருக்கிறது என்பதை நெரவிப் பிள்ளைகள் வேறு யாரையும்விடச் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள்.

இனிச் சிக்கலைப் பற்றிய தொடர்கள். ‘கேன் ஆஃப் வார்ம்ஸ்’ என்றால் புழு நிறைந்த டப்பா. திறந்தால் நெளிந்து வெளியே வரும். இதற்கு நேரானது ‘கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது’. இரண்டிலும் உள்ளே இருந்தது வெளியே வருகிறது. புழுவும் பூதமும் திறந்தவன் கொண்டுவந்து வைத்தவை இல்லை. கிணறு வெட்டுவது ஊருக்கு நல்ல காரியம். வெட்டியவனை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கடலோரத்தில் நல்ல தண்ணீருக்கு ஆழத் தோண்டி உப்புத் தண்ணீரைக் கண்டவர்களுக்கு இந்தப் பழமொழியின் அருமை தெரியும். நெரவியில் கிணறு என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. எண்ணெய்க் கிணறு என்ற சொல் சர்வசாதாரணமாக வழங்கும் ஊர் தமிழ் பேசும் நிலத்தில் அதிகம் இல்லை.

பூதத்தோடு ஓணானைச் சேர்த்துவிடக் கூடாது. ‘வேலியிலே போன ஓணானை எடுத்து மடியிலே கட்டிக்கொண்டு, குத்துகிறது குடைகிறது என்றானாம்.’ இங்கே பழி முழுக்க எடுத்துக் கட்டிக்கொண்டவன் தலையில். காரைக்காலின் பிரெஞ்சுச் சரித்திரமே இப்படித்தான் தொடங்குகிறது. 1738இல் தஞ்சை அரியணையைப் பறிகொடுத்து நின்ற மராட்டிய அரசர் சாகுஜி புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் உதவி கேட்டார். பதிலுக்குக் காரைக்காலைத் தருவதாகச் சொன்னார். புதுச்சேரி ஆளுநர் துய்மா சும்மா இருப்பாரா? உடனே ஆளும் ஆயுதமும் அனுப்பத் தொடங்கினார். அதற்குள் சாகுஜி எதிராளிகளைப் பணத்தால் வளைத்துத் தானாகவே அரியணை ஏறிவிட்டார். காரியம் முடிந்ததே, இனி எதற்குக் கொடுக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் கடற்கரையில் ஒரு துறைமுகம் கிடைக்கும் என்று ஆசைப்பட்டவர்கள் திரும்பிப் போகிறவர்களா? தஞ்சையின் மேல் கண் வைத்திருந்த சந்தா சாகிப் இடையில் புகுந்து, காரைக்காலைப் பிடித்து, 1739 பிப்ரவரியில் அவர்கள் கையில் கொடுத்துவிட்டார்.

ஒரு நெருக்கடியில் வாய்விட்டுச் சொன்ன ஒரு சொல். இடையிடையே ஆங்கிலேயர் பிடித்ததும் திருப்பிக் கொடுத்ததும் போக, 1954 நவம்பர் 1 வரை இங்கே பிரெஞ்சுக் கொடி பறந்தது. சாகுஜி அரசாண்டதோ காரைக்கால் கைமாறிய பிறகு சில மாதங்கள்தான். அவர் கூப்பிட்ட விருந்தாளிகள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தங்கிவிட்டார்கள்.

பிரெஞ்சு ஆட்சியின் இன்னொரு கதையும் இங்கே சொல்லத் தக்கது. காரைக்காலில் பல பழைய குடும்பங்களில் யாராவது ஒருவர் சைகோனுக்குப் போய்வந்தவராக இருப்பார். எழுத்தராகவோ, சிப்பாயாகவோ, வியாபாரியாகவோ போனவர்கள். சைகோன் இருந்த அதே இந்தோசீனாவில், ஹனோய் நகரில், பிரெஞ்சு அரசு பெருமையோடு பாதாளச் சாக்கடை கட்டியது. சுத்தத்துக்காகக் கட்டிய சாக்கடை எலிகளுக்கு வசதியான வீடாகிவிட்டது. 1902இல் எலி பிடிக்க ஆள் வைத்தார்கள். சமாளிக்க முடியாமல் பொதுமக்களுக்கும் வெகுமதி அறிவித்தார்கள். செத்த எலியைக் கொண்டுவந்து குவித்தால் அலுவலகம் நாறுமே என்று, வாலை மட்டும் காட்டினால் போதும் என்றார்கள். வால் வந்து குவிந்தது. கொஞ்ச நாளில் வாலில்லாத எலிகள் தெருவில் ஓடத் தொடங்கின. வாலை நறுக்கிவிட்டு எலியை விட்டுவிட்டார்கள். அது குட்டி போட்டால்தானே அடுத்த வால் கிடைக்கும்! ஊருக்கு வெளியே எலிப் பண்ணையே நடந்தது தெரிந்ததும் வெகுமதியை நிறுத்தினார்கள்.

இப்படிப்பட்ட விளைவுக்குப் பொருளாதார நூல்களில் இன்று ‘கோப்ரா எஃபெக்ட்’ என்று பெயர். ஆங்கிலேயர் டில்லியில் நாகப்பாம்புக்கு விலை வைத்தபோது மக்கள் பாம்பு வளர்த்தார்கள் என்ற கதையிலிருந்து, ஹோர்ஸ்ட் சீபர்ட் என்ற ஜெர்மானியப் பொருளாதார அறிஞர் 2001இல் வெளியிட்ட நூலுக்கு வைத்த பெயர் அது. டில்லிப் பாம்புக்கு ஆவணச் சான்று இல்லை. ஹனோய் எலிக்கு இருக்கிறது.

நம்மிடம் இதற்குப் ‘பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது’ இருக்கிறது. சதுர்த்தி அன்று அச்சு இல்லாமல் களிமண்ணைக் கையால் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மண்ணில் தண்ணீர் சற்றுக் கூடினால் தொந்தி சரியும், துதிக்கை தொய்ந்து வாலைப் போல நீளும், காது சுருங்கிப்போகும். முகத்தைச் சரிசெய்யப் போனால் இன்னும் குரங்காகும். நினைப்பில் குற்றம் இல்லை. குற்றம் கையிலும் பக்குவத்திலும். அதனால்தான் இந்தப் பழமொழியில் ஏளனத்தோடு ஒரு பரிவும் கலந்திருக்கிறது. திட்டம் போடுகிற அதிகாரிகள் மேசையில் எழுதி வைத்துக்கொள்ளத் தக்க வாசகம் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

‘தான் வெட்டிய குழியில் தானே விழுந்தான்’ என்பதில் அந்தப் பரிவு கிடையாது. பிறருக்குக் கெடுதல் நினைத்தவன் கதை அது. ஆங்கிலத்தில் இதையே பெட்டார்ட் என்ற வெடியை வைத்துச் சொல்கிறார்கள். பிரெஞ்சு தெரிந்த நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்தச் சொல் புதிதில்லை. கோட்டைக் கதவைத் தகர்க்க வைக்கும் வெடி, வைத்தவனையே தூக்கி எறிந்துவிடுவதுண்டு.

இதுவரை சொன்னதில் எல்லாம் காரியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. காரணமே இல்லாதது ஒன்று உண்டு. நம் பழமொழிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ‘காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது.’ வடமொழியில் இதைக் காகதாலீய நியாயம் என்பார்கள். ஆடி ஆவணியில் பழுத்த பனம்பழம் காம்பு விட்டுத் தானாக விழும். அந்த நொடியில் ஒரு காக்கை அதன்மேல் வந்து உட்கார்ந்தது. பார்த்தவன், காக்கைதான் தள்ளியது என்கிறான். அத்தனை பெரிய பழத்தைக் காக்கையின் எடை அசைக்குமா? இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி நடந்தன, அவ்வளவுதான். அடுத்தடுத்து நடந்ததாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகாது என்ற பாடத்தைப் பள்ளிக்கூடம் போகாத பாட்டிகூட நான்கு சொல்லில் சொல்லிவைத்தாள்.

ஆனால் அந்தப் பாட்டி வாழ்ந்த அதே தெருவில், புதிதாக வந்த மருமகள் காலடி வைத்த வாரத்தில் மாடு செத்தால், ‘இவள் வந்த நேரம்’ என்றார்கள். மாமனார் படுத்துவிட்டால் ராசி இல்லாதவள் என்றார்கள். இன்றும் சொல்கிறார்கள். மாட்டுக்கு நோய் முன்பே இருந்தது; மாமனாருக்கு வயது எண்பது. பழுத்த பழம் விழுந்தது. உட்கார்ந்த காக்கைக்குப் பழி. எத்தனை பெண்கள் இந்தப் பழியைச் சுமந்துகொண்டு சமையலறையில் தனியாக அழுதிருக்கிறார்கள்! இங்கே இருக்கும் தாய்மார்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது ‘இவள் வந்த நேரம்’ என்று வாயெடுத்தால், உடனே காக்கையையும் பனம்பழத்தையும் சொல்லுங்கள். அதற்காகத்தான் அந்தப் பழமொழி இருக்கிறது.

எதிர்பாராத நல்ல கண்டுபிடிப்புக்கு ஆங்கிலத்தில் ‘செரண்டிபிட்டி’ என்று ஒரு சொல் உண்டு. 1754 ஜனவரி 28 அன்று ஹோரஸ் வால்போல் என்ற எழுத்தாளர் ஒரு கடிதத்தில் புதிதாக ஆக்கிய சொல். செரண்டிப் என்றால் இலங்கைக்கு அராபியரும் பாரசீகரும் வைத்த பழைய பெயர். நமக்கு எதிர்க்கரை. செரண்டிப்பின் மூன்று இளவரசர்கள் என்ற கதையைப் படித்து, தேடாததைக் கண்டுபிடிக்கும் அவர்கள் திறமையைப் பாராட்டி அந்தச் சொல்லைப் படைத்தார். காணாமல் போன ஒட்டகத்தைக் கண்ணால் காணாமலே அதன் அடையாளங்களை அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

இதே கதை தமிழில் அலகேச கதையில் இருக்கிறது. நடேச சாஸ்திரியார் 1880களில் அதை ஆங்கிலத்தில் ஆக்கினார். தமிழில் நான்கு பேர். வழியில் தடத்தைப் பார்க்கிறார்கள். மூன்று காலடித் தடம்தான் இருக்கிறது, ஆகவே ஒரு கால் நொண்டி. இடது பக்கத்து இலைகளை மட்டும் மேய்ந்திருக்கிறது, ஆகவே வலது கண் இல்லை. முன்னங்கால் தடம் ஆழமாகவும் பின்னங்கால் தடம் மேலாகவும் இருக்கின்றன, ஆகவே வயிற்று வலி. வழியெல்லாம் ரத்தத் துளி, கொசுவை விரட்ட முடியாத குட்டை வால். ஒட்டகத்துக்காரன் இவர்களையே திருடர்கள் என்று அரசனிடம் இழுத்துப் போகிறான். விளக்கத்தைக் கேட்ட அரசன் நால்வரையும் அமைச்சர்கள் ஆக்குகிறான். திருட்டுப் பழியோடு போனவர்கள் பதவியோடு திரும்பினார்கள். ‘செரண்டிபிட்டி’யை வெறும் அதிர்ஷ்டம் என்று எழுதாதீர்கள். தடத்தைப் பார்க்கும் கண் இருந்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது.

‘போல்ட் ஃப்ரம் த ப்ளூ’ மட்டும் மிச்சம் இருக்கிறது. மேகமில்லாத வானத்திலிருந்து இறங்கும் இடி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்தது. இந்தக் கடற்கரையில் அதற்கு உதாரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலையைப் பற்றிப் பழமொழி எதையும் நான் சொல்ல மாட்டேன். உறவை இழந்தவர்கள் முன்னால் பழமொழி பேசுவது தகாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பெர்சிவல் பாதிரியார் 1874இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டார். டென்மார்க்கிலிருந்து வந்த ஜென்சன் பாதிரியார் 1897இல் 3,644 பழமொழிகளை வகை பிரித்து வெளியிட்டார். வெளியிலிருந்து வந்தவர்கள் அவ்வளவு பாடுபட்டார்கள். அவர்கள் பட்டியலில் பழமொழி இருக்கிறது, விளக்கமும் இருக்கிறது. எந்த வீட்டில், என்ன நடந்தபோது, யார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்பது இல்லை. அது உங்கள் வீடுகளில் இருக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு ஆங்கிலத் தொடரை எழுதும்போதும் பாட்டியிடமோ தாத்தாவிடமோ போய், இப்படி நடந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள். வயலில் சொன்னது, படகில் சொன்னது, சைகோனிலிருந்து வந்தவர் சொன்னது எல்லாவற்றையும் சந்தர்ப்பத்தோடு எழுதுங்கள். எழுதிய நோட்டைப் பத்திரமாக வைத்து, ஒரு பிரதி எடுத்து ஊர் நூலகத்தில் கொடுங்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் தொடங்குங்கள்.